வெயில் பக்கம் ஆரும் இருக்கப்படாது

வெயிலுக்கு ஒதுங்குகிற பொடியன் காதலில் விழுந்துவிட்டான் என்று நான் நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் என்றால் மன்னித்துவிடலாம். நான் முழுமனதாக நம்பினேன்.

என்னையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் முந்தல் பக்கத்தில் பதினைந்து வயதுப் பொடியன் எவனும் தானாக நிழலுக்குப் போய் நான் கண்டதில்லை. உச்சி வெயிலில் பந்தடிப்பான். இறால் பண்ணை வரம்பில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தூண்டில் போடுவான். தோல் உரிந்தால் அதைப் பிய்த்து வகுப்பில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்படுவான். தொப்பி போட்டவன் காய்ச்சல்காரன், குடை பிடித்தவன் பொம்பிளை. இதுதான் இங்கே சட்டம். முகத்துக்குக் கிறீம் பூசும் ஆண்பிள்ளைகள் இரண்டே வகை: கற்பிட்டிக் கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வரும் வெள்ளைக்காரர் ஒரு வகை, காதலர் மற்ற வகை. என் மகன் அஸ்லம் வெள்ளைக்காரன் இல்லை என்பது எனக்குத் திட்டமாகத் தெரியும்.

அந்த நம்பிக்கை என்னைப் பிடரியில் பிடித்துத் தள்ளிப்போய் எங்கே நிறுத்தியது என்று சொல்லவேண்டும். அதற்கு முதல் சாய்வு நானாவைச் சொல்லவேண்டும்.

புத்தளம் மாவட்டத்தில் பகை வைத்துக்கொள்ளக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. காணி, கட்சி, பக்கத்து வீட்டு ஆடு. ஆனால் சூரியனோடு நேரடியாகப் பகை வைத்திருந்தவர் சாய்வு நானா ஒருவர்தான். பள்ளிக்கூட வான் ஓட்டினார். பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளுக்கும் அவர் நானாதான், அதாவது அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய சாரதி அனுமதிப் பத்திரத்துக்கு மட்டும் தெரியும்.

பெயர் வந்த கதை இது. முந்தலிலிருந்து புத்தளத்துக்குப் பாதை வடக்கே போகிறது. காலையில் வான் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கத்தில் அடிக்கும். பள்ளி விட்டுத் தெற்கே திரும்பும்போது வெயில் மேற்கே இறங்கியிருக்கும். அப்போதும் அது வலப்பக்கம்தான். போனாலும் வலம், வந்தாலும் வலம். இதைக் கண்டுபிடித்த அன்றிலிருந்து நானா ஒரு சட்டம் போட்டார்.

“வெயில் பக்கம் ஆரும் இருக்கப்படாது!”

முழுப் பிள்ளைகளும் இடப்பக்கம். இருவர் இருக்கும் இடத்தில் நால்வர், அவர்கள் மடியில் சின்னதுகள், சின்னதுகளின் மடியில் புத்தகப் பைகள். வலப்பக்கத்து இருக்கைகளில் வாங்கியபோது போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. வான் இடப்பக்கம் சாய்ந்தே ஓடியது. ஸ்பிரிங் மாற்றினார், அதுவும் சாய்ந்தது. நாளடைவில் ஆளில்லாமல் ஓடினாலும் பழக்கதோஷத்தில் சாய்ந்து ஓடியது. தூரத்தில் வரும்போதே முந்தல் கடைத்தெருவில் சொல்வார்கள்: “அந்தா, சாய்ஞ்சு வருது.”

பாலாவிச் சந்தியில் ஒருநாள் பொலிஸ்காரர் மறித்தார். வானைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். சிங்களத்தில், “இது என்ன, கவிழப்போகிறதா?” என்று கேட்டார்.

“அவ்வ, சேர்” என்றார் நானா. வெயில் என்று அர்த்தம். அவ்வளவுதான் விளக்கம்.

பொலிஸ்காரர் வானத்தைப் பார்த்தார். சாய்ந்த வானைப் பார்த்தார். பிறகு தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார், நல்ல வெயில். அதற்குப் பிறகு அவர் பாதையின் மற்றப் பக்கம், புளியமரத்தின் கீழ் நின்றுதான் வாகனங்களை மறித்தார் என்று பிள்ளைகள் சத்தியம் பண்ணுகிறார்கள்.

நானாவுக்கு வெயில் பற்றிச் சொந்தமாக ஒரு விஞ்ஞானம் இருந்தது. அதன்படி வெயில் உடம்புக்குள் போவது காது வழியாக.

“மொகத்த அது சும்மா பாக்கும், அவ்வளவுதான். உள்ள போறது காதால. காதால போய் மூளைல உள்ள கணக்க உருக்கிரும்.”

“கணக்க மட்டுமா நானா? தமிழ், சமயம் எல்லாம் உருகாதா?” என்று ஒரு பெட்டை கேட்டாள்.

“கணக்குத்தான் மெழுகு மாதிரி. மத்ததெல்லாம் கொஞ்சம் தாங்கும்.”

அதனால் அவர் பூப்போட்ட துவாய் ஒன்றை நனைத்துத் தலையிலிருந்து காது மூடிக் கழுத்துவரை முக்காடுபோலப் போட்டுக்கொண்டுதான் வான் ஓட்டுவார். பின்னாலிருந்து பார்த்தால் யாரோ ஒரு மாமி கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும்.

பெரிய பொடியன்கள் பொறுப்பார்களா? “நாங்க என்ன நானா, ஐஸ்பழமா உருகிறதுக்கு?” என்று கிண்டலடிப்பார்கள்.

“ஐஸ்பழமெண்டா காசு குடுத்து வாங்கினவன் கவலப்படுவான். ஒங்களுக்கு என்னய வுட்டா ஆருடா கவலப்படுற?”

பெண்பிள்ளைகள் குடை கொண்டுவருவார்கள். அதில் நானாவுக்கு முதலில் மகா சந்தோஷம். பிறகுதான் கறுத்துவிடக்கூடாது என்று குடை பிடிக்கிறார்கள், பைக்குள் வெள்ளையாக்கும் கிறீமும் இருக்கிறது என்று தெரியவந்தது. அன்று முழுப் பாதையும் பிரசங்கம். “வெள்ளையாகிறதுக்கில்ல புள்ளயள், வேகாம இரிக்கிறதுக்கு! கறுப்பு நல்ல நெறம். நான் கறுப்பு, என்ட உம்மா கறுப்பு, வான்ட டயரு கறுப்பு. ஆருக்கு என்ன கொற?”

உச்சம் என்றால் பள்ளிக்கூடத்தில் நடந்த அந்த இல்ல விளையாட்டுப் போட்டிதான். சின்னப் பிள்ளைகளைத் தங்கள் ஓட்டம் வரும்வரை மைதான ஓரத்தில் வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நானாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வானை மைதானத்துக்குள் ஓட்டிவந்து அவர்கள் பக்கத்தில் நிறுத்தினார். வானின் நிழலில் பிள்ளைகள் குந்தினார்கள். வெயில் நகர நகர நிழலும் நகர்ந்தது. நானா வானைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பிள்ளைகளும் குந்தியபடியே நகர்ந்தார்கள். இப்படி நகர்ந்து நகர்ந்து, எண்ணூறு மீற்றர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில், வான் ஓடுபாதையின் நடுவில் நின்றது. முதலாவதாக ஓடிவந்தவன் வானைக் கண்டதும் நின்றான். நிழலைக் கண்டதும் உட்கார்ந்தான்.

அதிபர் ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். “ஓட்டத்த நிப்பாட்டிட்டீங்களே நானா!”

“ஓட்டத்த ஆரு சேர் நிப்பாட்டின? நான் நிப்பாட்டினது வெயில.”

இது ஒலிபெருக்கியில் முழு மைதானத்துக்கும் கேட்டது. பிரதம விருந்தினர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வானின் நிழலில் போட்டுக்கொண்டார்.

ஏன் இந்த மனிதருக்கு இப்படி ஒரு பகை? ஊரில் பல கதைகள். தொண்ணூறில், முஸ்லிம்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நேரம், மன்னாரிலிருந்து வள்ளத்தில் வரும்போது தலையில் வெயில் அடித்துவிட்டது என்றார்கள். வந்த புதிதில் உப்பளத்தில் வேலை செய்து மயங்கி விழுந்தவர் என்றார்கள். நான் அவரிடமே கேட்டேன்.

“சுடுது தம்பி” என்றார்.

இப்படிப்பட்டவரை வீட்டில் துவாயைக் காதில் கட்டிக்கொண்டு நடித்துக்காட்டி எங்களை விழுந்து விழுந்து சிரிக்கவைத்தவன் என் மகன் அஸ்லம். ஆனபடியால்தான், அவன் திடீரென்று மாறியபோது நான் ஒவ்வொன்றாகக் கவனித்து வைக்கத் தொடங்கினேன்.

முதலில் முழுக்கைச் சட்டை. பிறகு அஸர் தொழுது வெயில் தாழ்ந்த பிறகுதான் பந்தடிக்கப் போனான். பிறகு என் குடையைக் காணவில்லை. கைப்பிடி உடைந்து நான் நைலோன் கயிறு சுற்றி வைத்திருந்த குடை, கள்ளனும் எடுக்கமாட்டான். கடைசியில் அவனுடைய கொம்பாஸ் பெட்டிக்குள் ஒரு கிறீம் குழாய். மணந்து பார்த்தேன், மணமில்லை. மணமுள்ள கிறீமையெல்லாம் தாண்டி மணமில்லாத கிறீமுக்குப் போயிருக்கிறான் என்றால் காதல் நன்றாக முற்றிவிட்டது என்று எனக்குப் பட்டது. மேலே ஐம்பது என்று போட்டிருந்தது. வயதாக்கும் என்று நினைத்தேன். எனக்கும் அது நெருங்கிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் பூசியும் பார்த்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“புள்ள வெயில்ல சுத்தல்ல எண்டா சந்தோசப்படுற வாப்பாமாரும் ஒலகத்துல இரிப்பாங்க. எனக்கு வாச்சது இது.”

“ஓ.எல். சோதன வருது! இந்த நேரத்துல காதலெண்டா புள்ளட கதி என்ன?”

“ஒங்களுக்கு ஓ.எல்.லில என்ன வந்தது எண்டு நான் கேக்கல்ல. கடைக்குப் போங்க.”

கடைக்குப் போனேன். எனக்கு இறால் தீவனக் கடை. ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இறால் தீவனம் கேட்டவருக்குக் கோழித் தீவனம் ஏற்றிவிட்டேன். வானில் வருகிற பெண்பிள்ளைகளின் வாப்பாமார் கடைக்கு வந்தால் ஏற இறங்கப் பார்த்தேன். இவரா சம்மந்தி, அவரா சம்மந்தி என்று ஒரே கணிப்பு. யாராக இருந்தாலும் பகைக்கக்கூடாதே என்று எல்லோருக்கும் விலை குறைத்தேன். அந்த மாதத்தில் என் கடையில் தீவனம் தின்ற இறால்கள் எனக்காக துஆ கேட்டிருக்கும்.

மகனிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால், ஓம் வாப்பா என்று சொல்லிவிடுவானோ என்று பயம். நானாவிடம் போனேன்.

“நானா, வானுல அஸ்லம் ஆரோட குந்துறான்?”

“நெழலோட.”

“அது சரி. சனிக்கெழம டியூஷனுக்கும் ஒங்கட வான்தானே, முடிஞ்சும் சுணங்கித்தானே வாறான்?”

எதைக் கேட்டாலும் நின்று கதைக்கிற மனிதர், குனிந்து டயரைத் தடவினார். “காத்து கொறவு போல இரிக்கி தம்பி” என்றார். காற்று நிறைய இருந்தது. ஆக, இவருக்கும் தெரியும்! இவரும் உடந்தை!

அடுத்த சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். உலகத்தில் பின்தொடர்வதற்கு இலேசான வாகனம் ஒன்று உண்டென்றால் அது சாய்ந்து ஓடும் வான்தான். புத்தளம் டவுனுக்குள் வரும்வரை விடவில்லை. அங்கேதான் தவறவிட்டேன். நானா நிழல் கிடைக்காமல் வானை நிறுத்தமாட்டார்; மரம் தேடிச் சந்து சந்தாகப் புகுந்து மறைந்துவிட்டார். தேடிக் களைத்து ஒரு தெரு முனையில் நின்றபோது கண்டேன், என் குடையை.

நைலோன் கயிறு சுற்றிய கைப்பிடி. குடையின் கீழ் இரண்டு பேர், முதுகு என் பக்கம். ஒருவன் என் மகன். அவனை ஒட்டி நடந்தது பூப்போட்ட முக்காடு.

இருவரும் ஒரு மாடிப்படியில் ஏறினார்கள். படியின் பக்கத்தில் பலகை: விவாகப் பதிவாளர். மேலே போகும்படி அம்புக்குறியும் போட்டிருந்தார்கள்.

பதினைந்து வயதில் எவரும் பதிவு செய்யமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தது எல்லாம் வேறு யாருடைய மண்டைக்குள்ளோ இருந்தது. என் மண்டை ஹெல்மெட்டுக்குள் இடியப்பத் தட்டுபோல வெந்துகொண்டிருந்தது. அடையாளம் தெரிந்துவிடும் என்று அதைக் கழற்றவுமில்லை. எதிர்ப்பக்கம் மூடிய கடை ஒன்றின் முன்னால் சாறன் அகலத்துக்கு நிழல் இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு கழுதை நின்றது. புத்தளம் டவுனில் கழுதைகளுக்கு எங்களைவிட உரிமை அதிகம். நான் ஒதுங்கினேன், அது என்னைப் பார்த்துவிட்டு முழு நிழலையும் எடுத்துக்கொண்டது. பாதித் தோளும் முழுப் பிடரியும் வெயிலில் காய நின்றேன்.

போகவா, விடவா? போனால் மானம் போகும். நின்றால் மகன் போவான். அப்போதுதான் புது உடுப்புப் போட்ட ஒரு கூட்டம் இனிப்புத் தட்டோடு அந்தப் படியில் ஏறியது.

சாட்சிக்காரர்!

படிகளை நான் ஏறியதாக ஞாபகமில்லை. மேலே திறந்திருந்த கதவுக்குள் பாய்ந்து, ஹெல்மெட்டோடு கத்தினேன்: “நிப்பாட்டுங்க! இந்தக் கலியாணம் நடக்கேலா!”

உள்ளே அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளை கையில் பேனை. அவர் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர், நல்ல மீசைக்காரர். பக்கத்தில் மணப்பெண். பெண்ணின் உம்மா பெண்ணின் கையைப் பிடித்து, “ஆருடி இவரு?” என்றார்.

“அல்லாஹ்வே, எனக்குத் தெரியா உம்மா!”

மாப்பிள்ளை மெதுவாக எழுந்தார். “ஹெல்மெட்டக் கழட்டுங்க, பாப்பம்.”

கழற்றினேன். ஆவி பறந்தது. வியர்வையில் ஒட்டிய நாலு மயிரும், அவித்த இறால்போலச் சிவந்த கழுத்தும், நானும். மாப்பிள்ளை என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்தது.

“இவரா?” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒப்பம் வைத்தார்.

“வாப்பா?” என்று பின்னால் ஒரு குரல்.

நடைபாதையின் மறுபக்கம் இன்னொரு கதவு. அதன்மேல் தோல் வியாதி டொக்டரின் பலகை. கீழே தெருவிலும் ஒரு பலகை இருந்ததாம்; அதை மரக்கொப்பு மறைத்துவிட்டது. கதவுக்கு வெளியே நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்த நோயாளர் வரிசை. வரிசையில் என் மகன். அவன் பக்கத்தில், பூப்போட்ட நனைந்த துவாயால் காதை மூடி, மடியில் என் குடையை வைத்துக்கொண்டு, சாய்வு நானா.

எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். சொல் வருமுன் நானே சாய்ந்துவிட்டேன். விழுந்தது நல்லவேளையாக நானாவின் மேல்.

டொக்டர் ஒரு இளம் பெண். வரிசையை நிறுத்தி என்னை முதலில் உள்ளே எடுத்தார். படுக்கவைத்து, பிடரியில் ஈரத்துணி போட்டு, உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் தந்தார்.

“காத மூடாம நிண்டிரிக்காரு டொக்டர்” என்றார் நானா.

“ஹெல்மெட் போட்டிருந்தாரே?”

நானா யோசித்தார். அவருடைய விஞ்ஞானம் ஒரு கணம் ஆடியது. “அப்ப கழுத்தாலயும் போகும் போல” என்றார்.

டொக்டர் சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு கிறீம் எழுதினார். மகனுடைய அதே கிறீம்; ஐம்பது என்பது வெயிலைத் தடுக்கும் அளவாம், வயதில்லை. அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. அஸ்லத்துக்கு முகப்பரு. அதற்குக் குளிசை கொடுத்திருக்கிறார். அந்தக் குளிசை எடுக்கும்போது தோல் வெயிலில் சட்டென்று வெந்துவிடும். ஆகவே குடை, முழுக்கை, கிறீம், பகல் வெயிலில் பந்தடி இல்லை. “இவர்ட மாமா ஒழுங்காக் கூட்டிட்டு வாறார்” என்று நானாவைக் காட்டினார். நானா மாமா ஆனது எனக்கு அன்றுதான் தெரியும்.

வெளியே வாங்கில் உட்கார்ந்தோம். பருவைப் பற்றி ஒரு பகிடி என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. நல்ல பகிடி. மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏண்டா மவன் என்னட்டச் சொல்லல்ல?”

“நீங்க சிரிப்பீங்க வாப்பா. நீங்க சிரிச்சா கடையில இரிக்கிற எல்லாரும் சிரிப்பாங்க.”

பகிடியை விழுங்கினேன். அதைவிடக் கசப்பான குளிசை ஒன்றும் அந்த டொக்டரிடம் இருந்திருக்காது.

நானாதான் மிச்சத்தைச் சொன்னார். “ஒரு நாளு வெயில் பக்கம் போய்க் குந்தினான் தம்பி. என்ட வானுல! பெரிய பொடியனெல்லாம் சொல்லியிரிக்கானுவள், வெயில் பட்டாப் பரு காய்ஞ்சு விழுந்துருமாம். மொகத்த ஜன்னலுக்கு வெளிய நீட்டி, கண்ண மூடிட்டு இரிக்கான். ஏசுவம் எண்டுதான் வான நிப்பாட்டினன். கிட்டப் போய்ப் பாத்தா, மொகமெல்லாம் வெந்து, புள்ள அழுறான். அதுக்குப் பொறகு எங்க ஏசுற?”

“என்னட்ட ஒரு சொல்லு சொல்லியிரிக்கலாமே நானா?”

“சொல்ல வேணாமெண்டு கேட்டான். நான் டயரப் பாத்தன்.”

அஸ்லம் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான்; பரு வந்த இடமே தெரியாது. யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு மன்னாரில் காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டத் தொடங்கிய நானாவும் ஒரு வழியாக அங்கேயே போய்விட்டார். இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்று மகனிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன்.

“என்னயப் பத்தி என்னண்டாலும் எழுதுங்க வாப்பா. நானாடத மட்டும் உள்ளபடி எழுதுங்க.”

உள்ளபடி இதுதான். என் மகனுக்கு முகத்தில் பரு வந்தது. அதை அவன் சாய்வு நானாவிடம் சொன்னான். நானா வேறு யாருக்கும் சொல்லாமல் அவனை டொக்டரிடம் கூட்டிப்போய், முறை வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.